மங்குக்கு அதிமதுரமா, ஆர்புடினா, அசெலாயிக் அமிலமா?

கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழுந்தவர்கள் மருந்துக்கடைக்கோ ஆன்லைன் கடைக்கோ போனால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: அதிமதுரச் சாறு, ஆல்ஃபா ஆர்புடின், அசெலாயிக் அமிலம். மூன்றுக்கும் தாவரத்தோடு தொடர்பு உண்டு. மூன்றின் விளம்பரத்திலும் மெலனின் உற்பத்தியைக் குறைப்பதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது என்ற வரி இருக்கும். அந்த வரி பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது எந்த ஆய்வு, எதன் மேல் நடந்தது என்று பார்த்தால் மூன்றும் ஒரே தரத்தில் நிற்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் அசெலாயிக் அமிலம். இரண்டாவது அதிமதுரம், அதுவும் சில நிபந்தனைகளோடு. ஆர்புடின் கடைசி. ஆய்வுக்கூடத்துச் செல்களை மட்டும் கேட்டால் அசெலாயிக் அமிலம்தான் கடைசியில் வரும். இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், நாளைக்கு நாலாவதாக ஒரு சாறு சந்தைக்கு வரும்போதும் அதை எடைபோட முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பேசுவது மங்கைப் பற்றி மட்டும்தான். பிறவி நிறத்தை வெளுக்க வைப்பதைப் பற்றி இல்லை. மெலனின் வெயிலிலிருந்து நம் தோலைக் காக்கிற பொருள். அது நிறைய இருப்பது குறையே இல்லை. மங்கில் நடப்பது வேறு: முகத்தில் சில இடங்களில் மட்டும் நிறமிச் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன.

நிறம் எங்கே உண்டாகிறது

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கை நீட்டுவது போலக் கிளைகளை நீட்டி, சுற்றியுள்ள ஏறக்குறைய 36 தோல் செல்களுக்கு நிறமி கொடுக்கிறது. வெயில் பட்டதும் தோல் செல்கள் ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்ற ஹார்மோனை வெளியிடும். அது நிறமிச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி கடத்தும் பொருள் கூடும், அதன் விளைவாக எம்.ஐ.டி.எஃப். என்ற புரதம் பெருகி, டைரோசினேஸ் நொதியைச் செய்யும் மரபணுவை முடுக்கிவிடும். நடுவில் செம்பு அணுக்களை வைத்திருக்கும் இந்த டைரோசினேஸ்தான் முக்கியமான ஆள். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோபாவாகவும் அப்புறம் டோபாகுவினோனாகவும் மாற்றி, மெலனின் உருவாக வழி செய்வது அதுதான். தயாரான மெலனின் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பி, அந்தக் கிளைகள் வழியாகப் பக்கத்துச் செல்களுக்குள் போய்ச் சேர்கிறது.

ஆகவே ஒரு தாவரப் பொருள் நிறத்தைக் குறைக்கிறது என்றால் அது பல இடங்களில் கை வைத்திருக்கலாம். ஹார்மோனின் உத்தரவைத் தடுத்திருக்கலாம், நொதி உருவாவதைக் குறைத்திருக்கலாம், உருவான நொதியை முடக்கியிருக்கலாம், நிறமிப் பைகள் கைமாறுவதை நிறுத்தியிருக்கலாம். வேகவைக்காத சோயாவில் உள்ள ஒருவகைப் புரதம் அந்தக் கடைசி வேலையைத்தான் செய்கிறது: மெலனின் உருவாவதைத் தொடாமல் அது கைமாறுவதை மட்டும் தடுக்கிறது. இவை எல்லாம் போக, நிறமிச் செல்லையே நோகடித்தும் நிறத்தைக் குறைக்கலாம். கவலைப்பட வேண்டியது அந்த வழியைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது என்ன

பெரும்பாலான கட்டுரைகளில் பயன்படுவது பி16 என்ற செல்வகை. 1954-ல் ஒரு கறுப்பு எலியின் தோலில் தானாக உண்டான புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை வளர்த்து வரும் செல்கள் இவை. இவற்றுக்கு ஆல்ஃபா எம்.எஸ்.எச். கொடுத்து, கூடவே சோதிக்க வேண்டிய சாற்றையும் சேர்த்து, மூன்று நாள் விடுவார்கள். பிறகு செல்களைத் திரட்டிச் சுழற்றினால் பிளாஸ்டிக் குழாயின் அடியில் கடுகளவு கட்டி சேரும். சாறு சேர்க்காத குழாயில் கட்டி கரிபோல இருக்கும். சாறு வேலை செய்திருந்தால் அது காப்பி நிறத்துக்கோ வெளிர் பழுப்புக்கோ இறங்கியிருக்கும். வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். அந்தக் கட்டியைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து, 405 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து மெலனின் கணக்கைச் சொல்வார்கள்.

பார்க்க அழகான சோதனை. ஆனால் ஏமாறுவதும் சுலபம். சாறு செல்களைக் கொன்றுவிட்டாலும் மெலனின் குறைந்ததாகத்தான் தெரியும். ஆகவே செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ வகுத்துப் பார்க்காத முடிவை நம்ப முடியாது. சாற்றுக்கே நிறம் இருந்தால் இன்னும் சிக்கல். மஞ்சளின் குர்குமின், மெலனினை அளக்கும் அதே நீல ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். செல்லைச் சரியாகக் கழுவாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், நொதி யாருடையது என்பது. செல் இல்லாமல் நொதியை மட்டும் வைத்துச் செய்யும் சோதனைகளில் பல பத்தாண்டுகளாகக் காளான் டைரோசினேஸைத்தான் பயன்படுத்தி வருகிறார்கள். நாம் குழம்பு வைக்கும் பட்டன் காளானிலிருந்து எடுத்தது. விலை குறைவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அது மனித நொதி இல்லை. 2018-ல் ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப் நிறுவனத்து ஆய்வாளர்கள் மனித டைரோசினேஸையே தனியாக உருவாக்கி, 50,000 சேர்மங்களை அதோடு மோதவிட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்க எவ்வளவு தேவை என்பதுதான் அளவுகோல். முதலில் வந்த செயற்கைச் சேர்மத்துக்கு லிட்டருக்கு 1.1 மைக்ரோமோல் போதுமாக இருந்தது. ஆர்புடினுக்கோ 4,000 மைக்ரோமோலுக்கு மேல் தேவைப்பட்டது. முதலில் வந்த சேர்மத்தை அந்த நிறுவனமே விற்கிறது என்பதையும் மனதில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

தாவரச் சாறு என்றாலே நிறத்தைக் குறைக்கும் என்ற எண்ணமும் தவறு. சேலம் பக்கம் ஒப்பந்த முறையில் பயிரிடும் மருந்துக் கூர்க்கன் கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருள் இருக்கிறது. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி.யை நேரடியாக ஏற்றிவிடும், நிறம் கூடும். செந்நிற முடி மரபுள்ள எலிகளின் தோலில் அதைத் தடவியபோது வெயிலே இல்லாமல் தோல் கறுத்ததை 2006-ல் காட்டினார்கள். வெங்காயத்தில் நிறைய இருக்கும் குவர்செடின் காளான் நொதியை முடக்குகிறது. அதே குவர்செடின் மனித நிறமிச் செல்களில் மெலனினைக் கூட்டியது என்று 2004-ல் ஒரு ஜப்பானிய ஆய்வு சொன்னது. ஒரே பொருள்தான், சோதனை மாறினால் பதிலும் மாறுகிறது.

அதிமதுரம்: ஒரே வேரில் இரண்டு திசைகள்

அதிமதுர வேரில் கிளாப்ரிடின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும், தண்ணீரில் கரையாது. 1998-ல் வெளியான ஆய்வில், மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கும் குறைவாகவோ கொடுத்தபோதே பி16 செல்களின் டைரோசினேஸ் வேகம் குறைந்தது. செல்கள் டி.என்.ஏ. செய்வது குறையவில்லை; அதாவது செல்லை நோகடிக்காமலே வேலை நடந்தது. அரை சதவீதக் கிளாப்ரிடினைக் கினிப்பன்றித் தோலில் தடவியதும் புற ஊதாக் கதிரால் வரும் கறுப்பும் சிவப்பும் குறைந்தன. செல் அளவில் பார்த்தால் நம் மூன்றில் இதுவே கெட்டிக்காரப் பொருள். சிவப்பையும் குறைப்பது கூடுதல் நன்மை, ஏனென்றால் நம் மாநிறத் தோலில் எரிச்சல் வந்த இடமே பிறகு கறுத்துப்போகும்.

ஆனால் அதே வேரின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் வேறு கதை. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். பி16 செல்களில் அது சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றி மெலனினைக் கூட்டுகிறது என்று 2005-ல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி, பன்னீரிலோ பாலிலோ குழைத்துப் பூசுகிறோம் அல்லவா? அப்படிச் செய்யும்போது கரைந்து வருவது பெரும்பாலும் கிளைசிரைசின்தான். கிளாப்ரிடின் பொடியிலேயே தங்கிவிடும். இதனால் பூசினால் முகம் கறுத்துவிடும் என்று சொல்லவில்லை. கிளைசிரைசினுக்கு எரிச்சலைத் தணிக்கும் குணம் உண்டு, க்ரீம்களில் அதற்காகவே சேர்க்கிறார்கள். ஆனால் மங்கைக் குறைக்க அந்தப் பூச்சை நம்ப வேண்டாம்.

லேபிளில் இதைக் கண்டுபிடிக்கலாம். ‘டைபொட்டாசியம் கிளைசிரைசேட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது இனிப்புப் பக்கத்துப் பொருள், மங்குக்கு ஆகாது. ‘கிளைசிரைசா கிளாப்ரா வேர்ச் சாறு’ என்று இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. பட்டியலில் அதற்குக் கீழே வரும் சாறு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கிளாப்ரிடின் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும் தயாரிப்பைத் தேடி வாங்குவது நல்லது.

மனிதர்களிடம் செய்த சோதனை? அதிமதுரத்தின் இன்னொரு பொருளான லிக்விரிட்டினை எகிப்தில் மங்கு இருந்த 20 பெண்களுக்கு முகத்தின் ஒரு பக்கமும், மருந்தில்லாத க்ரீமை மறுபக்கமும் கொடுத்து நாலு வாரம் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அந்த முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் 20 பேர், நாலு வாரம் என்பது சிறிய சோதனை. மங்கு வருடக்கணக்கில் போய்ப்போய் வரும் பிரச்சினை.

ஆர்புடினும் ஜப்பானில் நடந்ததும்

கரடிக்கொடி என்று சொல்லத்தக்க ஒரு குளிர்நாட்டுச் செடியின் இலையிலும் பேரிக்காயிலும் இருப்பது ஆர்புடின். ஹைட்ரோகுவினோன் என்ற பலமான நிறக்குறைப்பு மருந்தோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் அதுதான் ஆர்புடின். இயற்கையில் இருப்பது பீட்டா வடிவம். சீரங்களில் பெரும்பாலும் வருவது ஆல்ஃபா வடிவம், அதை நொதிகளின் உதவியோடு ஆலையில் செய்கிறார்கள். மனித மெலனோமா (நிறமிச் செல் புற்று) செல்களிலும் முப்பரிமாணத் தோல் மாதிரியிலும் ஆல்ஃபா ஆர்புடின் மெலனினைக் குறைத்தது என்று 2004-ல் ஜப்பானிலிருந்து நல்ல முடிவு வந்தது. மேலே சொன்ன 2018 ஆய்வோ மனித நொதியின் மேல் ஆர்புடினுக்கு ஏறக்குறையப் பிடிப்பே இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆர்புடினின் வேலையில் ஒரு பகுதி அதிலிருந்து பிரிந்து வரும் ஹைட்ரோகுவினோனுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் குளுக்கோஸைக் கத்தரிக்கக் கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் ஹைட்ரோகுவினோனை அழகுசாதனக் க்ரீம்களில் முன்பே தடைசெய்துவிட்டது. 2024-ல் ஆர்புடினுக்கும் வரம்பு வைத்தது. முகத்துக்கான க்ரீமில் ஆல்ஃபா 2 சதவீதம், பீட்டா 7 சதவீதம், அதற்கு மேல் கூடாது. அதிக சதவீதம் என்பதையே பெருமையாகப் போட்டு விற்கும் சீரங்களைத் தவிர்க்க இந்த எண்கள் உதவும்.

ஹைட்ரோகுவினோன், ஆர்புடின் போன்ற ஃபீனால் குடும்பப் பொருள்களை எடைபோடும் யாரும் ரோடோடென்ட்ரால் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் நிக்கோ மேப்பிள் மரத்தில் காணப்படும் பொருள் அது. செல் சோதனையில் டைரோசினேஸை நன்றாக முடக்கியது. 2008-ல் அனுமதி கிடைத்து, கனேபோ நிறுவனத்தின் க்ரீம்களில் வந்தது. 2013 ஜூலையில் அத்தனை தயாரிப்புகளையும் திரும்பப் பெற வேண்டிவந்தது. முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்தவர்கள் 18,000 பேருக்கும் மேல்.

பிறகுதான் காரணம் விளங்கியது. டைரோசினேஸ் அந்தப் பொருளைத் தன் வழக்கமான டைரோசின் என்று எடுத்துக்கொண்டு, அதை ஒரு நச்சுக் குவினோனாக மாற்றிவிடுகிறது. நொதி எங்கே சுறுசுறுப்பாக இருக்கிறதோ அங்கேதான் நச்சும் அதிகம். அதாவது நிறமிச் செல் தன் வேலையைச் செய்துதான் தன்னையே அழித்துக்கொண்டது. எளிய செல் சோதனையில் ‘மெலனின் குறைந்தது’ என்று தெரிவதும் இதுவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆர்புடின் இப்படிச் செய்யும் என்று யாரும் காட்டவில்லை, எத்தனையோ ஆண்டுகளாகப் பலர் போடுகிறார்கள். என்றாலும் மனித நொதியின் மேல் பிடிப்பு குறைவு, மங்கில் பெரிய மனிதச் சோதனையின் பலம் இல்லை, ஹைட்ரோகுவினோன் பிரியும் சாத்தியம் வேறு. மூன்றையும் கூட்டினால் நான் மங்குக்கு அதைக் கையில் எடுக்க மாட்டேன். பருப் போன பிறகு நிற்கும் சின்ன அடையாளத்துக்கு ஒருவர் போட்டுக்கொண்டிருந்து, ஒத்துப்போனால், போடட்டும்.

அசெலாயிக் அமிலம்

கோதுமை, பார்லி, கோதுமையைப் போன்ற ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒன்பது கார்பன் அமிலம் இது. கடையில் கிடைப்பது தாவர எண்ணெயிலோ கொழுப்பிலோ உள்ள ஓலிக் அமிலத்தை உடைத்துச் செய்வது. மங்குக்கு இது வந்த வழி சுவாரஸ்யமானது. நம் ஊரில் தேமல் என்று சொல்கிறோமே, அந்தப் பூஞ்சை படர்ந்த இடம் வெளிறிப்போகும். ஏன் வெளிறுகிறது என்று ரோமில் நசாரோ போரோ, பாசி என்ற ஆய்வாளர்கள் தேடினார்கள். அந்தப் பூஞ்சையை வளர்த்த ஊடகத்தில் டைரோசினேஸை முடக்கும் இருகார்பாக்சிலிக் அமிலங்கள் இருப்பதை 1978-ல் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் அசெலாயிக்.

செல் சோதனையில் இது மந்தம். டைரோசினேஸை அரைகுறையாகத்தான் பிடிக்கும். கிளாப்ரிடினோடு ஒப்பிட்டால் மிக அதிக அளவு தேவை. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு: அளவுக்கு மீறித் துடிக்கும் நிறமிச் செல்களைத்தான் இது அதிகம் அடக்குகிறது, இயல்பாக இருப்பவற்றை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா நொதிகளைத் தொடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மங்குக்கு வேண்டியது இதுதானே! சுற்றியுள்ள தோல் வெளிறாமல் திட்டு மட்டும் மங்கலாக வேண்டும்.

மனிதச் சோதனையில் இது மற்ற இரண்டையும் விட வெகுதூரம் முன்னே நிற்கிறது. 1991-ல் வெளியான ஆய்வில் மங்கு உள்ள 329 பெண்களுக்கு 24 வாரம், 20 சதவீத அசெலாயிக் க்ரீமும் 4 சதவீத ஹைட்ரோகுவினோன் க்ரீமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். யார் எதைப் போடுகிறார் என்று மருத்துவருக்கும் தெரியாது, போட்ட பெண்களுக்கும் தெரியாது. ஒட்டுமொத்த முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அசெலாயிக் போட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல பலன். பல காலம் மங்குக்கு முதல் மருந்தாக இருந்த ஹைட்ரோகுவினோனோடு தோளோடு தோள் நிற்கும் தாவரத் தொடர்புள்ள பொருள் என்றால் எனக்கு இதுதான்.

குறைகளும் உண்டு. முதல் சில வாரம் சுருசுருவென்று எரியும், அரிக்கும். தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில் போட வேண்டும். எட்டு வாரத்தில் பலரும் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். சோதனையில் இருந்தது 20 சதவீதம்; 10 சதவீத சீரத்தை வாங்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

யாருக்கு எது

கர்ப்ப காலத்திலோ பிள்ளை பெற்ற பிறகோ மங்கு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தேர்வு சுலபம்: ஹைட்ரோகுவினோனும், ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை மருந்தும் வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு அசெலாயிக் அமிலம். தோல் வழியாக உள்ளே போவது சுமார் 4 சதவீதம்தான், உணவிலும் அது இருக்கிறது. முகப்பருவும் மங்கும் சேர்ந்து இருப்பவர்களுக்கும் இதுவே, இரண்டுக்கும் ஒரே டியூப் போதும்.

எதைப் போட்டாலும் சிவந்து எரியும் தோல் என்றால் கிளாப்ரிடின் அளவு சொல்லியிருக்கும் அதிமதுர க்ரீமிலிருந்து தொடங்கலாம். அசெலாயிக்கை ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், க்ரீம் தடவிய தோலின் மேல் மெல்லிசாகப் போட்டுப் பழக்குவதும் ஒரு வழி. எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து போடுவது மட்டும் வேண்டாம். அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும்.

எலுமிச்சைச் சாறு இந்தப் போட்டியிலேயே இல்லை. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரானோகூமரின்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் நிற்கும் பழுப்புத் தடத்தை விட்டுவிடும்.

மூன்றில் எதை எடுத்தாலும் சன்ஸ்கிரீன் இல்லாமல் அது வீண். மேலே சொன்ன ஹார்மோன் உத்தரவு காலையில் எழுந்து வாசலுக்குப் போனாலே தொடங்கிவிடும். மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுகிறது. ஆகவே இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன்தான் இங்கே பொருத்தம். வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் வகை அந்த ஒளியைச் சரியாகத் தடுக்காது.

அப்புறம், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கலவை க்ரீம்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டு, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தவை. இந்தக் கூட்டணியின் மூலம் 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் வகுத்த மருந்து. டாக்டர் கண்காணிப்பில் சில வாரம் போட்டால் பலமான மருந்துதான். தாமாக வாங்கி மாதக்கணக்கில் போட்டவர்களின் முகத்தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் எரிந்து தவிப்பதை நம் ஊர்த் தோல் டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது இதனால்தான். அசெலாயிக் மெதுவாக வேலை செய்கிறது என்று அலுத்து இந்த டியூபுக்குத் தாவ வேண்டாம்.

நாலு மாதம் ஒழுங்காகப் போட்டும் திட்டு அசையவில்லை, நிறமும் பழுப்பாக இல்லாமல் சாம்பல் நீலமாக இருக்கிறது என்றால் மெலனின் மேல்தோலைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கலாம். இந்த மூன்றும் வேலை செய்வது மெலனின் உருவாகும் இடத்தில்; ஏற்கெனவே கீழே தேங்கியதை இவற்றால் எடுக்க முடியாது. அப்போது டியூபை மாற்றுவதில் பயனில்லை, தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். போட்ட இடத்தில் அரிசி தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் நாலு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே நிறுத்திவிட்டு, போட்டுக்கொண்டிருந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஜப்பானில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்திய பிறகு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.